வீட்டுக்கு நாஸ் வாங்கலாமா? உங்கள் கேள்விக்கு என் நீண்ட பதில்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தாம்பரத்தில் நான்கு பேர் இருக்கும் வீடு. 2008-லிருந்து சேர்ந்த போட்டோவும் வீடியோவும் மூன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் ஒன்றரை டெராபைட். அதில் 900 ஜிபி, விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மகளின் வீடியோ வேலை. மூன்றில் ஒரு டிஸ்க் சில நாளாக 'டிக், டிக்' என்று சத்தம் போடுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்ததில், இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (வீட்டில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டும் சேர்த்து 45 ஆயிரம் கேட்டிருக்கிறார்கள். கூகுளின் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில், 2 டெராபைட்டுக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய் என்று பார்த்திருக்கிறீர்கள். எது நல்லது?

முதலில் அந்த 'டிக் டிக்' டிஸ்க். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. அதில் என்ன இருக்கிறதென்று பார்க்கவோ, எந்த ஃபோல்டர் எங்கே என்று தேடவோ மறுபடி மறுபடி சொருகாதீர்கள். புதிய டிஸ்க் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை சொருகுங்கள். திரும்பக் கிடைக்கவே கிடைக்காத ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள், சினிமாவும் பாட்டும் கடைசி. விண்டோஸ் 'பிழை இருக்கிறது, சரிசெய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிசெய்யும் வேலை டிஸ்க்கை விடாமல் படிக்கும், அதில் எழுதவும் செய்யும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும். கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை என்றால் வீட்டில் எதுவும் முயலாமல், டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனி நாஸ் விஷயம். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அது திரையும் கீபோர்டும் இல்லாத சின்னக் கம்ப்யூட்டர்தான். உள்ளே பெரும்பாலும் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓடுகிறது. இரண்டோ நான்கோ டிஸ்க்குகளை அதில் சொருகி, ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் எல்லா போனும் லேப்டாப்பும் டிவியும் அதைப் பார்க்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் சொந்தம், நாஸ் வீட்டுக்கே சொந்தம். அடிப்படை வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தால் என்ன கிடைக்கிறது என்பதை என் வீட்டை வைத்தே சொல்கிறேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றி விடும்போதே அவர் போன் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிடும். அன்று எடுத்த போட்டோக்கள், விளையாட்டு விழாவென்றால் முந்நூறு, இல்லையென்றால் ஐந்தோ ஆறோ, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் நாஸுக்குப் போய்விடும். ஒரு பட்டனையும் யாரும் தொடுவதில்லை. எட்டு வருடமாக எனக்கு இதில் பிடித்த விஷயம் இந்தத் தொடாமைதான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது மனிதர் நினைவில் வைத்துச் செய்யவேண்டிய வேலை. மனிதர் மறப்பார், போன் தொலைவது, மறந்த அந்த மாதத்தில்தான் நடக்கும். என் அம்மாவுக்கு 71 வயது. கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார். ஆனால் டிவி ரிமோட்டில் இரண்டு பட்டன் அழுத்தி, எங்கள் ஊர்த் திருவிழா போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பார். மூன்று டிஸ்க்கில் சிதறிக் கிடந்த காலத்தில் அவற்றை யாரும் பார்த்ததே இல்லை.

உங்கள் மகளுக்கும் இது உண்மையாகவே பயன்படும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, இதைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் பின்பக்க லேன் போர்ட் கிகாபிட் (ஆயிரம் மெகாபிட்) வேகமா, நூறு மெகாபிட் வேகமா என்று பாருங்கள். இணையக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ரவுட்டர்கள் சிலவற்றில் இன்றும் நூறு மெகாபிட் போர்ட்தான். எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட் என்பதால், அதில் நொடிக்கு 11 மெகாபைட் அளவுதான் ஓடும், உங்கள் ஒன்றரை டெராபைட்டை ஏற்ற 38 மணி நேரம் ஆகும். கிகாபிட்டில் நொடிக்கு 110 மெகாபைட் வரை போகும், அதே வேலை நாலு மணி நேரத்தில் முடியும். கேபிளில் எட்டுக் கம்பியில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் வேகம் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடலாம். வைஃபையில் உட்கார்ந்து நாஸிலிருந்தே நேராக வீடியோ எடிட் செய்யலாம் என்று மகள் நினைத்திருந்தால், அது பெரும்பாலும் எரிச்சலில் முடியும். நடந்துகொண்டிருக்கும் வேலை லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருக்கட்டும், முடிந்த வேலை நாஸுக்குப் போகட்டும்.

இப்போது இந்தப் பதிலின் மையமான இடத்துக்கு வருகிறேன். கடைக்காரர் உங்களிடம் "ரெண்டு டிஸ்க் இருக்கு சார், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும், பயமே இல்ல" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது ரெய்டு 1. ஒரே விஷயத்தை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது ஓடும், அது உண்மை. ஆனால் 'பயமே இல்லை' என்பது உண்மை இல்லை. டிஸ்க் சாவது மட்டுமே நம் போட்டோக்களுக்கு வரும் ஆபத்து அல்ல.

2019-ல் என் அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. போட்டோக்களை என் தங்கைதான் தன் போனில் எடுத்திருந்தாள். அவை அழகாக நாஸுக்கும் வந்து சேர்ந்தன. இரண்டு மாதம் கழித்து அவள் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. 'அண்ணன் வீட்டுப் பெட்டியிலதான் இருக்கே' என்று நினைத்து, போனிலிருந்த ஆயிரத்துச் சொச்சம் போட்டோக்களை அழித்துவிட்டாள். நான் அவள் போனில் போட்டு வைத்திருந்தது பேக்கப் அல்ல, சிங்க். சிங்க் என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பொருள். போனில் அழிந்ததால் நாஸிலும் அழிந்தது. ரெய்டு 1 தன் கடமையைச் சரியாகச் செய்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்தது. நாஸின் குப்பைத்தொட்டியை நான் முடுக்கியே வைக்கவில்லை. தவறு என்னுடையது. சொந்தக்காரர்களின் வாட்ஸாப்பிலிருந்து நாற்பது ஐம்பது போட்டோக்களைத் திரும்பச் சேர்த்தோம். எல்லாம் சுருங்கி மங்கிப்போனவை. கலசாபிஷேகத்தில் அம்மா முகத்தில் தண்ணீர் வழியும் ஒரு படம் இருந்தது. மூக்குத்தியில் ஒரு துளி நின்றுகொண்டிருக்கும். வாட்ஸாப் பிரதியில் அந்தத் துளி தெரியவில்லை, வெள்ளையாக ஒரு திட்டுதான் இருக்கிறது.

ஆகவே நாஸ் வாங்கினால் முதல் நாளே இரண்டு காரியம் செய்யுங்கள். போன் ஆப்பில் 'சிங்க்' அல்ல, ஒருவழிப் பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ஸ்னாப்ஷாட் வசதியை முடுக்குங்கள். ஒவ்வொரு நாளும் இன்ன நேரத்தில் ஃபோல்டர் எப்படி இருந்தது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது அழித்தாலும், லேப்டாப்பில் வைரஸ் புகுந்து நாஸில் உள்ள ஃபைல்களைப் பூட்டினாலும், நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். மாறிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் இடம் எடுக்கும். விலை மிகக் குறைந்த சில பெட்டிகளில் இந்த வசதி இல்லை. கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. ஸ்னாப்ஷாட் இல்லாத நாஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். நீங்கள் தாம்பரம் என்று எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி நான் தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். மறுநாள் காலை அடையாற்று வெள்ளத்திலிருந்து ஆட்களைக் காப்பாற்றி மாடிக்குப் போனோம், பொருள்களை அல்ல. லேப்டாப்பும், அதன் பேக்கப் இருந்த டிஸ்க்கும் ஸ்டீல் பீரோவின் கீழ் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நான் பேக்கப் எடுக்காதவன் அல்ல. ஒழுங்காக எடுத்திருந்தேன். இரண்டும் ஒரே பீரோவில் சேற்றுத் தண்ணீர் குடித்தன. 2006 முதல் 2011 வரை ஐந்து வருடம் போயே போய்விட்டது, எங்கள் கல்யாணப் போட்டோக்கள் தவிர. அவை தப்பியதற்குக் காரணம், மதுரையில் பெரியப்பா மகனுக்கு ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்திருந்தேன், அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். வெள்ளத்துக்குப் பிறகுதான் அந்தக் கடைசி 'ஒன்று' எனக்குப் புரிந்தது. எத்தனை டிஸ்க் போட்டாலும் ஒரு நாஸ் ஒரு பிரதிதான். 45 ஆயிரம் செலவழித்து, அது மட்டும் போதும் என்று பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளைத் தூக்கிப் போட்டீர்களானால், உங்கள் நிலைமை இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகும். இன்று மூன்று டிஸ்க்கில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்குதான் போகும்.

மூன்றாவது ஆபத்து இணையம் வழியாக வருவது. 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பலர் காலையில் எழுந்து பார்த்தால், அவர்கள் வீட்டு வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் மை புக் லைவ் பெட்டிகள் தாமாகவே ஃபாக்டரி ரீசெட் ஆகிக் காலியாக இருந்தன. 2015-க்குப் பிறகு அந்தப் பெட்டிகளுக்குக் கம்பெனி மென்பொருள் புதுப்பிப்பு கொடுக்கவில்லை. ஓட்டை அப்படியே இருந்தது, யாரோ நுழைந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்), இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் ஒரு பொது அம்சம்: இணையத்திலிருந்து நேராகத் தொடக்கூடிய இடத்தில் பெட்டி இருந்தது. 'வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்' என்ற ஆசையில் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல்) திறந்துவிடுவார்கள், அல்லது யூபிஎன்பி என்ற வசதி அவர்களைக் கேட்காமலே திறந்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) வழியாகப் பாருங்கள். இந்தியாவில் பல இணையக் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, ஆனால் டெயில்ஸ்கேல் அங்கும் ஓடும். 'அட்மின்' என்ற பெயரில் உள்ள கணக்கை முடக்கிவிட்டு வேறு பெயரில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். 'கிளவுடுக்கு வருஷா வருஷம் கொடுக்கிறதுக்கு ஒரே தடவை நாஸ் வாங்கிடலாம்' என்று பலர் சொல்வது, உங்கள் அளவுக்குப் பொருந்தாது. கிளவுடுக்கு ஐந்து வருடத்தில் 32,500 ரூபாய். நாஸுக்கு முதலிலேயே 45 ஆயிரம். மேலே கரண்ட்: இரண்டு டிஸ்க் பெட்டி சராசரியாக 20 வாட் எடுக்கிறது என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். உங்கள் வீடு எந்த ஸ்லாப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பில்லுக்கு நூற்றைம்பதிலிருந்து முந்நூறு ரூபாய் கூடும். அதோடு, கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன யூபிஎஸ். நாஸ் டிஸ்க்குகளுக்கு வாரண்டி பொதுவாக மூன்று வருடம், 'ப்ரோ' வகைக்கு ஐந்து. ஐந்தாறு வருடத்தில் ஒரு டிஸ்க்கையாவது மாற்றவேண்டி வரும் என்று பணம் ஒதுக்கி வைப்பது நல்லது. எல்லாம் கூட்டினால் கிளவுடைவிட நாஸ் தெளிவாக அதிகச் செலவு. 2 டெராபைட்டைத் தாண்டும்போதுதான் கணக்கு மாறும். கிளவுடில் அதற்கு மேல் விலை சட்டென ஏறும், நாஸில் 4 டெராபைட் டிஸ்க்குக்குப் பதில் 8 போட்டால் அதே பெட்டி. மகளின் வீடியோ இந்த வேகத்தில் வளர்ந்தால் இரண்டு வருடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள் என்று நினைக்கிறேன். (4 டெராபைட் என்று வாங்கினால் திரையில் 3.6 என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம், கணக்கு முறை வேறு. இரண்டு டிஸ்க்கும் ஒரே பிரதி என்பதால் மொத்த இடமும் அந்த 3.6-தான்.)

கிளவுடின் குறை விலை அல்ல, அது இன்னொருவர் கையில் இருப்பது. கூகுள் போட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்று நம்பி ஏற்றியவர்களுக்கு 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தக் கதவு மூடியது. இடத்தின் அளவைத் தாண்டிய நிலையில் இரண்டு வருடம் இருந்தால் உள்ளே இருப்பதை நீக்கலாம் என்பதும் அவர்கள் விதி. ஏதோ காரணத்துக்காகக் கணக்கு முடக்கப்பட்டால் மெயில், போட்டோ, எல்லாம் ஒன்றாகப் போகும். மறுபக்கம், கிளவுடில் இருப்பது உங்கள் வீட்டு வெள்ளத்தில் நனையாது. எனக்கு இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவே தோன்றவில்லை. ஒன்றின் பலவீனம் இருக்கும் இடத்தில் மற்றதன் பலம் இருக்கிறது. கிளவுடில் முழு ஒன்றரை டெராபைட்டும் ஏற்ற, 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் மூன்று நாள் இடைவிடாமல் ஓடவேண்டும். 900 ஜிபி வீடியோவை ஏற்றவேண்டிய அவசியமும் இல்லை. குடும்பப் போட்டோக்களை மட்டும் ஏற்றுங்கள்.

நாஸ் வைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அடைத்த டிவி அலமாரிக்குள்ளும் பரணிலும் வைக்காதீர்கள். சென்னை மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் டிஸ்க் சூடு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பின்னால் காற்றாடி இருக்கும் பக்கம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். படுக்கையறையிலும் வேண்டாம், ராத்திரி அமைதியில் டிஸ்க்கின் கரகர சத்தம் நன்றாகவே கேட்கும். தரையிலிருந்து உயரமாக, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். தரையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கரண்ட் போய் வருவது நாஸுக்கு நல்லதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் ஃபைல் மட்டுமல்ல, முழு அமைப்பே கெட வாய்ப்புண்டு. 'வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே' என்பீர்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்று எழுதியிருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியிலேயே நாஸ் அணைந்து எழும். ஃபேன் மெதுவாகி வேகம் எடுப்பதுபோலத்தான், ஆனால் டிஸ்க்குக்கு அது அடி. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் தாங்கும். அதைவிட நல்லது, யூஎஸ்பி கேபிள் வரும் சின்ன யூபிஎஸ் ஒன்றைத் தனியாக வைப்பது. அந்தக் கேபிளை நாஸில் சொருகினால், பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொல்ல, நாஸ் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

டிஸ்க் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்எம்ஆர் என்றொரு வகை உண்டு. ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத, பக்கத்து ஓடுகளையும் பிரித்து மறுபடி வேயவேண்டும். ரெய்டில் ஒரு டிஸ்க் போய்ப் புதியதை நிரப்பும்போது இது மிக மெதுவாகித் திணறும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வகை நாஸ் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டெராபைட் வரை இந்த முறையைச் சொல்லாமல் புகுத்தியது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு பழைய முறை டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று பெயர் வைத்தார்கள். எனவே கடைக்காரர் 'ரெட்' என்று சொன்னால் போதாது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அந்தப் பழைய முறையான 'சிஎம்ஆர்' என்று உறுதி செய்யுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாள் தயாரிப்பாக எடுக்காமல், முடிந்தால் வேறு வேறு கடையில் வாங்குங்கள். ஒரே கூட்டில் பிறந்தவை ஒரே சமயத்தில் நோய்ப்படலாம்.

பெட்டிக்கும் வயது உண்டு. என் நண்பர் ஒருவர் பழைய நாஸ் வைத்திருந்தார், கம்ப்யூட்டரோடு ஃபைல் பகிர அது எஸ்எம்பி 1 என்ற பழைய மொழியில் மட்டும் பேசும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் பாதுகாப்புக் காரணமாக அந்த மொழி இயல்பாக இருப்பதில்லை. அவர் புது லேப்டாப் வாங்கிய அன்று, பெட்டியும் டிஸ்க்கும் நன்றாக இருந்தும் நாஸ் கண்ணில் தெரியவே இல்லை. கம்பெனிகளும் மனம் மாறும். நாஸ் செய்யும் சினாலஜி கம்பெனி 2025-ல் தன் புதிய பிளஸ் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்க்தான் போடவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபரில் தன் டிஎஸ்எம் மென்பொருளின் 7.3 பதிப்போடு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அதைத் தளர்த்தியது. ஆனாலும் சினாலஜியில் எனக்குப் பிடித்த ஒன்று, பெட்டி செத்தாலும் டிஸ்க்குகளைக் கழற்றிச் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் படிக்க வழி இருப்பது. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும், வாங்குமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில், அதை நாஸாக மாற்றும் ட்ரூநாஸோ ஓப்பன்மீடியாவால்ட்டோ மென்பொருள் போட்டு மலிவாக முடிக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அருமையான வேலை. ஆனால் பழைய டெஸ்க்டாப் 50 வாட் எடுத்தால் ஆண்டுக்கு 438 யூனிட். அதோடு ஒவ்வொரு சிக்கலுக்கும் நீங்களே ஆள். வீட்டில் யாருக்கும் லினக்ஸ் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு இது வேண்டாம்.

நாஸின் மிகப் பெரிய குறையை எந்தப் பெட்டியிலும் அச்சிடமாட்டார்கள். அதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை புதுப்பிப்பு, டிஸ்க் ஆரோக்கியம் பார்ப்பது, 'ஒரு டிஸ்க் பழுது' என்று மெயில் வந்தால் அன்றே நடவடிக்கை. எங்கள் குடியிருப்பில் ஒருவர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர், பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி ஃபோல்டர்களை என்க்ரிப்ட் செய்தும் வைத்திருந்தார். கொரோனா இரண்டாம் அலையில் திடீரென்று போய்விட்டார். சில மாதம் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். ஷெல்ஃபில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. "இதுக்குள்ளதான் எல்லாப் போட்டோவும் இருக்குன்னு சொல்வாரு" என்றார். பாஸ்வேர்டு எங்கும் எழுதி வைக்கவில்லை. நான் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன், முடியவில்லை. அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வந்த சாயங்காலமே என் வீட்டுப் பாஸ்வேர்டுகளையும், எதை எங்கே சொருகவேண்டும் என்பதையும், மனைவிக்குப் புரியும் தமிழில் ஒரு தாளில் எழுதி, எல்ஐசி பத்திரங்கள் இருக்கும் கவரிலேயே வைத்தேன்.

உங்களுக்கு என் தீர்ப்பு: நாஸ் வாங்குங்கள், ஆனால் முதலில் அதை வாங்காதீர்கள். இந்த வாரம் 2 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, எல்லாவற்றையும் இரண்டிலும் நகலெடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது திருச்சியில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில். குடும்பப் போட்டோக்கள் மட்டும் கிளவுடில், சின்னத் திட்டம் போதும். இத்தோடு நீங்கள் இன்றைக்கு இருக்கும் ஆபத்திலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். மகளின் வேலை வளர்ந்து, நாலு போன்களையும் கையால் காலி செய்வது அலுத்துப்போகும்போது நாஸ் வாங்குங்கள். மாதம் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்க வீட்டில் யார் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மகளே பொறுப்பெடுத்துக்கொண்டால் மிக நல்லது. நாஸ் வந்த பிறகு இந்த இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளும் அதன் பேக்கப் ஆகும், அவற்றில் இடம் போதாத அளவு வளர்ந்தால் பெரியவையாக மாற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருச்சி போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வாருங்கள். வந்ததும் நடுவிலிருந்து ஏதாவது ஒரு பழைய வீடியோவை எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். திறக்காத பேக்கப்பைக் கண்டுபிடிக்க அதுதான் நாள்.

அந்த 'டிக் டிக்' டிஸ்க்கை நகலெடுத்து முடித்ததும் எந்த ஃபோல்டர்கள் வந்தன, எவை வரவில்லை என்று எழுதுங்கள். பாதி வந்து பாதி வராமல் நின்றால் மறுபடி சொருகாமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.